கம்பியில் ஒட்டியது

சென்ற இதழில் இந்தப் பகுதியின் கடைசி வரியாக, “வெளியில் வைத்துச் சுடும் கிரில் அடுப்பைப் பற்றிக் கேட்க ஏதாவது இருந்தால் எழுதுங்கள்” என்று போட்டிருந்தேன். ஒரு பை நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. பாதிப் பேர், “என் பெயரைப் போட்டுவிடாதீர்கள்” என்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறார்கள். அழுக்கு அடுப்பு இத்தனை பெரிய மானப் பிரச்சினை என்று எனக்கு இதுவரை தெரியாது. போகட்டும், யார் பெயரையும் போடவில்லை.

புதிய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: நான் சமையல் வல்லுநர் அல்ல. 31 ஆண்டுகள் பெரிய சமையல்கூடங்களில் அடுப்பு பழுதுபார்த்தவள். பிறர் சமைத்துவிட்டுப் போன அடுப்புகளைக் கழற்றிப் பார்த்துத்தான் எனக்குச் சமையலே தெரியும். ஆகவே எதை எவ்வளவு நேரம் சுட வேண்டும் என்று கேட்டிருப்பவர்கள் என்னை மன்னிக்கவும்.

கேள்வி: கம்பித் தட்டில் கறுப்பாகப் பக்கு ஏறிவிட்டது. இரவு முழுவதும் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் நார் வைத்துத் தேய்த்தேன். கை வீங்கியதுதான் மிச்சம். வேறு என்ன சோப்பு வாங்கலாம் அம்மா?

பதில்: எந்தச் சோப்பும் வாங்க வேண்டாம். சூடான கம்பியில் சொட்டிய எண்ணெய், எண்ணெயாகவே இருந்துவிடுவதில்லை. சூட்டில் அது பிணைந்து இறுகி, மரச்சாமானுக்கு அடிக்கும் வார்னிஷ் மாதிரி கெட்டிப்பட்டுவிடும். சோப்புக்குப் பிசுக்கைப் பிடித்து இழுக்கத் தெரியும்; வார்னிஷை என்ன செய்வது என்று அதற்குத் தெரியாது. அதற்கு மேலே படிந்திருக்கும் காந்தல் வெறும் கரி. கரி எந்தத் தண்ணீரிலும் கரையாது. இரவு முழுவதும் ஊறவைத்ததில் பலன் அடைந்தது துரு ஒன்றுதான்.

சூட்டில் ஏறியதைச் சூட்டில்தான் இறக்க வேண்டும். காஸ் அடுப்பு என்றால் மூடியைப் போட்டு, எல்லாத் திருகிகளையும் முழுதாகத் திறந்து, 10 முதல் 15 நிமிடம் எரியவிடுங்கள். முதலில் புகை தடிப்பாகக் கிளம்பும், பிறகு மெலியும், கடைசியில் நின்றுபோகும். அப்போது மூடியைத் திறந்து பாருங்கள். பளபளப்பாக இருந்த கறுப்பு மங்கி, மேலே சாம்பல் பூத்திருக்கும். அதுதான் சமயம். தீயை அணைத்துவிட்டு, கனமான கையுறை போட்டுக்கொண்டு, நீளக் கைப்பிடி உள்ள சுரண்டியால் இழுத்தால், இரவெல்லாம் ஊறியும் அசையாத பக்கு பொரபொரவென்று உதிரும். கரி அடுப்பில் சமைத்து முடித்தபின் மிச்சமிருக்கும் கங்கின் சூடே இதற்குப் போதும். பல மாதத்துப் பக்கு ஒரே தடவையில் போகாது. இரண்டு மூன்று முறை ஆகும், பொறுமையாக இருங்கள்.

இதைச் செய்யும் முன் ஒன்று. அடியில் கொழுப்பு சேரும் தட்டை முதலில் காலி செய்யுங்கள். மேலே எரித்துச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று கீழே தேங்கிய கொழுப்பைப் பற்றவைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதேபோல, சீக்கிரம் சூடேறட்டும் என்று கம்பித் தட்டு முழுவதையும் அலுமினியத் தாளால் மூடுவதும் ஆகாது. மேலே ஏற வேண்டிய சூடு வழி கிடைக்காமல் கீழே திரும்பினால் பர்னரும் திருகிகளும்தான் வேகும்.

வெங்காயத்தைப் பாதியாக வெட்டி முள்கரண்டியில் குத்தித் தேய்த்தால் கிருமி செத்துவிடுமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அவ்வளவு சூட்டில் கிருமி எப்போதோ செத்திருக்கும். உதிர்ந்த சாம்பலைத் துடைத்தெடுக்க வெங்காயம் உதவும், அவ்வளவுதான். கசக்கி உருட்டிய அலுமினியத் தாளை இடுக்கியில் பிடித்துத் தேய்த்தாலும் அதே வேலை நடக்கும், கண்ணும் எரியாது.

கேள்வி: கம்பி பிரஷ் ஆபத்து என்று மகள் சொல்கிறாள். பத்து ஆண்டாக அதைத்தான் பயன்படுத்துகிறேன், ஒன்றும் ஆகவில்லை. யார் சொல்வது சரி?

பதில்: மகள் சொல்வதுதான் சரி. “ஒன்றும் ஆகவில்லை” என்பதை நானும் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த பிரஷிலிருந்து கழன்று விழும் ஓர் இழை கண்ணிமை மயிர் அளவுதான் இருக்கும். கம்பியில் ஒட்டிக்கொள்ளும், அடுத்து வைக்கும் இறைச்சியில் ஏறும், கடிக்கும்போது தெரியாது, விழுங்கும்போதுதான் தெரியும். மிசூரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2002 முதல் 2014 வரை அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 1,700 பேர் இந்த இழையால் காயப்பட்டு அவசர சிகிச்சைக்கு ஓடியிருக்கிறார்கள். பெரும்பாலும் வாயிலும் தொண்டையிலும் குத்தியிருக்கிறது. சிலருக்கு அது குடல்வரை இறங்கி அறுவைசிகிச்சையில் முடிந்ததும் உண்டு.

எனக்கு நேர்ந்தது சிறியதுதான். ஒருநாள் வேலை முடிந்து சாப்பிட உட்கார்ந்தேன். முதல் துண்டைப் பிய்த்தபோது, விளக்கொளியில் அதன் ஓரத்தில் ஏதோ மின்னியது. மீன்முள்தான் என்று நினைத்தேன். ஆனால் என் தட்டில் இருந்தது மீன் அல்ல. அன்று காலை அந்த அடுப்பைத் தேய்த்தவளும் நானேதான். சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு பிரஷை எடுத்துப் பார்த்தேன். நடுவில் சொட்டை விழுந்திருந்தது.

இழை இல்லாமல் கம்பியைச் சுருளாகச் சுற்றிய பிரஷ் கிடைக்கிறது. மரச் சுரண்டி இன்னும் நல்லது. கடின மரத்தில் அகலமான துடுப்பு மாதிரி இருக்கும். சூடான கம்பிமேல் வைத்து இழுக்க இழுக்க அதன் முனை கருகி, உங்கள் கம்பியின் இடைவெளிக்கு ஏற்பத் தானாகவே வரிப்பள்ளம் எடுத்துக்கொள்ளும். நைலான் பிரஷை ஆறிய கம்பியில் மட்டும் பயன்படுத்துங்கள், சூட்டில் உருகிவிடும். பழைய பிரஷை விட மனமில்லை என்றால், தேய்த்து முடித்ததும் ஈரத்துணியை மடித்து இடுக்கியில் பிடித்து, கம்பிகளை மேலும் கீழும் துடைத்தெடுங்கள். இழை இருந்தால் துணியில் மாட்டும். காந்தத்தை நம்ப வேண்டாம்: பித்தளை இழை காந்தத்தில் ஒட்டாது, துருப்பிடிக்காத எஃகிலும் பல வகை ஒட்டாது.

கேள்வி: வார்ப்பிரும்புக் கம்பித் தட்டு முழுக்கச் செந்துரு. வாங்கி ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. தூக்கி எறிந்துவிடலாமா?

பதில்: எறியாதீர்கள். வார்ப்பிரும்பு துருப்பிடிப்பது வியாதி அல்ல, அதன் சுபாவம். துரு மேல்தோலில்தான் இருக்கும். இரும்பு நாரால் உள்ளே சாம்பல் நிற உலோகம் தெரியும்வரை தேயுங்கள். பிடிவாதமாக இருந்தால் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து அதில் அரை மணி நேரம் வைத்துத் தேயுங்கள். மறந்துபோய் ராத்திரி முழுவதும் விட்டுவிடாதீர்கள், துருவைத் தின்ற வினிகர் அடுத்து இரும்பைத் தின்னத் தொடங்கும். கழுவியதும் துணியால் துடைத்தால் மட்டும் போதாது, அடுப்பில் ஏற்றி ஈரம் முழுவதும் ஓடும்வரை சூடாக்குங்கள். ஈரம் ஒளிய வார்ப்பிரும்பில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் நிறைய உண்டு.

அதற்குப் பிறகு பழக்க வேண்டும். இங்கேதான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். எண்ணெயை ஊற்றுகிறார்கள். ஊற்றக் கூடாது, துணியில் நனைத்துப் பூசி, இன்னொரு காய்ந்த துணியால் “அடடா, பூசியதையெல்லாம் துடைத்துவிட்டோமே” என்று தோன்றும் அளவுக்குத் துடைத்தெடுக்க வேண்டும். மிஞ்சும் அந்த மெல்லிய படலம் போதும். பிறகு மூடியைப் போட்டு 200 முதல் 230 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம். நான் முதல் கேள்வியில் திட்டிய அதே வார்னிஷ்தான் இங்கே நமக்குக் காவல். தடித்துப் பக்காக இருந்தால் அழுக்கு, மெலிந்து படலமாக இருந்தால் பாதுகாப்பு. இரண்டு மூன்று முறை செய்தால் கம்பி கருநிறத்தில் மழமழவென்று வரும். எண்ணெய் அதிகமானால் பிசுபிசுவென்று ஒட்டும், அதிலேயே தெரிந்துகொள்ளலாம்.

உங்கள் தட்டு வெறும் இரும்பா, மேலே எனாமல் பூசியதா என்பதை முதலில் பாருங்கள். கண்ணாடி போல மினுமினுப்பாகக் கறுப்பு இருந்தால் எனாமல். அதற்கு இரும்பு நாரும் கூர்மையான உலோகச் சுரண்டியும் ஆகாது, பூச்சு சில்லாகத் தெறிக்கும். தெறித்த இடத்தில் எண்ணெய் தடவிக் கொஞ்ச காலம் ஓட்டலாம். சில்லு தொடர்ந்து உதிர்ந்தால் புதிய தட்டு வாங்குங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் வார்ப்பிரும்பை வைக்கலாமா என்று கேட்காதீர்கள். வைத்தவர்கள்தான் எனக்கு இந்த மாதிரிக் கடிதம் எழுதுகிறார்கள்.

கேள்வி: மூடியின் உட்புறத்தில் பெயிண்ட் உரிந்து சாப்பாட்டில் விழுகிறது. கம்பெனிமேல் வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம், தோற்பீர்கள். அது பெரும்பாலும் பெயிண்டே அல்ல. மூடியின் உட்புறத்துக்குப் பொதுவாகப் பெயிண்ட் அடிப்பதில்லை. புகையும் கொழுப்பு ஆவியும் படிந்து படிந்து கரியாகி, ஏடு ஏடாகத் தொங்குகிறது. மூடி வெதுவெதுப்பாக இருக்கும்போது பிளாஸ்டிக் சுரண்டியால் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள்.

கேள்வி: முன்பு நீலமாக எரிந்த காஸ் அடுப்பு இப்போது மஞ்சளாக எரிகிறது. ஒரு பக்கம் நன்றாகச் சுடுகிறது, மறுபக்கம் வெறும் வெதுவெதுப்பு. சிலிண்டரை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. மழைக்காலம் முழுவதும் உறை போட்டுப் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன் அக்கா.

பதில்: கடைசி வரியில் பதிலையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். நீங்கள் பத்திரமாக வைத்திருந்த இடத்தில் யாரோ குடிவந்திருக்கிறார்கள்.

நீலச் சுடர் என்றால் காஸும் காற்றும் சரியான அளவில் கலக்கின்றன என்று பொருள். நுனியில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் ஆடினால் பரவாயில்லை. முழுக்க மஞ்சள், சோம்பலாக ஆடும் சுடர் என்றால் காற்று போதவில்லை. புகைக்கரி படியும், கார்பன் மோனாக்சைடும் கூடும். காற்று போதாததற்கு, நான் கழற்றிய அடுப்புகளில் அடிக்கடி கண்ட காரணம் சிலந்தி.

பர்னர் குழாயின் வாயில், காஸ் வரும் ஊசித்துளைக்கு அருகே, காற்று நுழைய ஒரு திறப்பு இருக்கும். இருட்டு, காற்றோட்டம், மழை படாத இடம். சிலந்திக்கு வேறென்ன வேண்டும்? ஒரு முறை ஒரு குழாயைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து மேசையில் தட்டினேன். ஒன்றும் விழவில்லை. விளக்கை ஒரு முனையில் பிடித்து மறுமுனையில் எட்டிப் பார்த்தேன், வெளிச்சமே வரவில்லை. நீளமான குழாய் பிரஷை விட்டு இழுத்தபோது, காதில் வைக்கும் பஞ்சு உருண்டை போல ஒன்று வந்தது. வெள்ளையாக, மெத்தென்று, நடுவில் முட்டைகளோடு. இவ்வளவு பெரிய அடுப்பை நிறுத்தி வைத்தது அந்த உருண்டைதான்.

இதை வேடிக்கை என்று விட்டுவிட முடியாது. குழாய் அடைபட்டால் காஸ் பின்பக்கம் திரும்பி, திருகிகளுக்குப் பின்னால் பற்றிக்கொள்ளும். கை வைக்கும் இடத்தில் தீ. சிலந்தியின் சாமர்த்தியம் அடுப்போடு நிற்பதும் இல்லை. 2011-ல் மஸ்தா நிறுவனம், எரிபொருள் தொட்டியின் காற்றுக் குழாயில் ஒருவகைச் சிலந்தி வலை பின்னியதற்காக ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. சிலிண்டரை மூடிக் கழற்றிவிட்டு, அடுப்பு முழுதாக ஆறிய பிறகு, கம்பித் தட்டையும் பர்னருக்கு மேல் கூரை போல இருக்கும் தகடுகளையும் எடுங்கள். பர்னரைக் கழற்றி, வளையக்கூடிய குழாய் பிரஷை உள்ளே விட்டு இழுங்கள். பக்கவாட்டுத் துளைகளில் அடைப்பிருந்தால் துளையைவிட மெல்லிய கம்பியால் குத்தித் திறக்கலாம்; துளையைப் பெரிதாக்கிவிடாதீர்கள். வெளிப்புறத்தைத் தேய்க்கும்போது குழாயின் நீளவாக்கில் இழுக்காமல் குறுக்குவாக்கில் தேயுங்கள். நீளவாக்கில் இழுத்தால் உதிர்ந்த துருவை நீங்களே ஒவ்வொரு துளையாக ஊட்டிக்கொண்டு போவீர்கள்.

திரும்ப மாட்டும்போதுதான் கவனம் தேவை. பர்னர் குழாயின் வாய், காஸ் ஊசித்துளையைத் தனக்குள் வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். வெளியே விலகி உட்கார்ந்தால் காஸ் குழாய்க்குள் போகாமல் அடுப்பின் அடியில் பரவும். டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

மாட்டி முடித்ததும் கசிவு சோதனை. பாத்திரம் கழுவும் திரவமும் தண்ணீரும் சம அளவு கலந்து கொள்ளுங்கள். திருகிகள் எல்லாம் மூடியிருக்க, சிலிண்டர் வால்வை மட்டும் திறந்து, ரெகுலேட்டர், ரப்பர் குழாய், இணைப்புகள் எல்லாவற்றிலும் தூரிகையால் பூசுங்கள். குமிழி வளர்ந்தால் கசிவு. வால்வை மூடி, இறுக்கி, மறுபடி சோதியுங்கள். அப்போதும் குமிழி வந்தால் அந்தப் பாகத்தை மாற்றாமல் பற்றவைக்க வேண்டாம். தீக்குச்சியைக் கிழித்துக் கசிவு பார்க்கும் வீரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் எழுத எனக்குத் தெம்பில்லை.

ரப்பர் குழாயை வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். சிலந்தி மட்டுமல்ல, எலியும் உறைக்குள் வரும், அது கடிக்கவும் செய்யும்.

கேள்வி: பற்றவைக்கும் பொத்தானை அழுத்தினால் பொறி வரவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டுமா?

பதில்: முதலில் பேட்டரியை மாற்றுங்கள். பல அடுப்புகளில் அந்தப் பொத்தானைத் திருகிக் கழற்றினால் உள்ளே ஒரு சிறிய பேட்டரி இருக்கும். பலருக்கு அது இருப்பதே தெரியாது. அதன்பிறகும் வரவில்லை என்றால் பொறி விழும் முனையில் கொழுப்பு படிந்திருக்கும், துடைத்துவிடுங்கள். இன்னொன்று: பொறி வரவில்லை என்று காஸைத் திறந்தபடியே பொத்தானை அழுத்திக்கொண்டிருக்காதீர்கள். மூடியைத் திறந்து, காஸை நிறுத்தி, ஐந்து நிமிடம் காத்திருந்து பிறகு முயலுங்கள். புரொபேனும் பியூட்டேனும் காற்றைவிடக் கனம், மேலே பறந்துவிடாது, அடியிலேயே கிடக்கும்.

கேள்வி: சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து ஊற்றினால் அப்படியே நுரைத்துக்கொண்டு அழுக்கு வெளியே வருகிறதாமே? அடுப்பு கழுவும் காரமான ஸ்ப்ரேயும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். எது நல்லது?

பதில்: நுரை பார்க்க நன்றாக இருக்கும். சோடா காரம், வினிகர் அமிலம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று தீர்த்துக்கட்டி, கரியமில வாயுவை விட்டுவிட்டு, கொஞ்சம் உப்புத் தண்ணீராகிவிடும். சண்டை போட்டு இருவரும் செத்துப்போன பிறகு உங்கள் அழுக்கை யார் எடுப்பார்கள்? தனித்தனியாகப் பயன்படுத்துங்கள். சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பிசுக்கின் மேல் அப்பி, அரை மணி கழித்துத் தேய்த்தால் நன்றாக வரும். அலுமினியத்தில் மட்டும் அதையும் அதிக நேரம் விடாதீர்கள், நிறம் மங்கும். வினிகர் துருவுக்கு.

ஸ்ப்ரே விஷயத்தில் எனக்குப் பழைய அவமானம் ஒன்று இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கொழுப்புத் தட்டில் பிசுக்கு அப்பியிருந்தது. சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த கடுங்கார மருந்தைத் தாராளமாக ஊற்றினேன். தட்டு அலுமினியம் என்பதை யோசிக்கவில்லை. ஒரு நிமிடத்தில் சோடா பாட்டிலைத் திறந்தது போலப் பொங்கத் தொடங்கியது. அழுக்கு கரைகிறது என்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரைந்தது தட்டு. கழுவியபோது அடிப்பாகம் கருத்து, அம்மை போட்ட முகம் போலக் குழிகுழியாக இருந்தது. அந்தப் பொங்கலில் வந்தது ஹைட்ரஜன் வாயு, தீப்பற்றக் கூடியது, என்று என் மேலாளர் அமைதியாகச் சொன்னார். திட்டியிருந்தால்கூட இத்தனை காலம் நினைவில் இருந்திருக்காது.

காஸ் கிரில்களில் அடிப்பெட்டி, தட்டு எனப் பல பாகங்கள் அலுமினியம்தான். ஆகவே கடுங்காரம் வேண்டாம். ப்ளீச்சை வினிகரோடோ அம்மோனியா கலந்த எதனோடுமோ சேர்க்கவே சேர்க்காதீர்கள், வருவது நச்சு வாயு. சோப்பு, வெந்நீர், சோடாக் குழைவு, சுரண்டி இந்த நான்கில் தீராத அழுக்கை நான் அதிகம் பார்த்ததில்லை. வேகத்துக்காக உயர் அழுத்தத் தண்ணீர்ப் பீச்சியைக் கொண்டுவருபவர்களுக்கும் இதே பதில்: அழுக்கு போகுமோ இல்லையோ, தண்ணீர் பர்னருக்குள்ளும் பொறிக் கம்பிகளுக்குள்ளும் கண்டிப்பாகப் போகும்.

கேள்வி: எங்களுடையது கரி அடுப்பு. சாம்பலை அடியிலேயே விட்டுவைத்தால் அடுத்த முறை சூடு தாங்கும் என்கிறார் கணவர். அடிப்பாகம் ஓட்டையாகிவிட்டது என்கிறேன் நான்.

பதில்: ஓட்டை உங்கள் பக்கம் சாட்சி சொல்கிறது. கரிச் சாம்பல் காரத்தன்மை உள்ளது, காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரச் சாம்பல் தகட்டின்மேல் நாள்கணக்கில் கிடப்பது என்பது, இரும்புக்கு மருந்து கட்டிப் புண்ணாக்குவது போல. அடியில் சேரும் சாம்பல் காற்றுத் துளைகளையும் அடைக்கும். கரி சரியாகப் பற்றாமல் புகைந்துகொண்டே இருக்கும்.

ஆனால் உடனே அள்ளிக் கொட்டக் கூடாது. மேலும் கீழும் உள்ள காற்றுத் துளைகளை மூடினால் கங்கு மூச்சடைத்து அணையும். அணைந்த மாதிரிதான் தெரியும். சாம்பலுக்கு அடியில் ஒரு நாளைக்கு மேலும் உயிரோடு இருக்கும். 48 மணி நேரம் கழித்து அள்ளுங்கள். அதற்கு முன் அள்ளியே ஆக வேண்டும் என்றால் மூடியுள்ள உலோக வாளியில் போட்டு, எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியும் காகிதப் பையும் கூடவே கூடாது. மழை வந்துவிட்டது என்று கங்கு கனன்றுகொண்டிருக்கும் அடுப்பை வீட்டுக்குள்ளோ கார் கொட்டகைக்குள்ளோ இழுப்பவர்களும் இருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. சாப்பாடு நனைந்தால் நனையட்டும்.

பீங்கான் அடுப்பு வைத்திருக்கும் இன்னொரு வாசகருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதன் உட்புறத்தைக் கழுவ வேண்டாம். அது தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், அடுத்த முறை சூடேறும்போது விரிசல் விடலாம். சூடாக்கி எரித்து, ஆறியபின் சாம்பலைத் துடைத்தெடுத்தால் போதும்.

கேள்வி: சமைத்துக்கொண்டிருக்கும்போதே அடியில் திடீரென்று தீ எழும்பியது. பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றினேன், முகத்துக்கு நேராக எகிறியது. புருவம் போனதோடு தப்பித்தேன். வேறு என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: புருவம் வளர்ந்துவிடும். எரியும் கொழுப்பில் விழுந்த தண்ணீர் அதன் அடியில் போய் நொடியில் ஆவியாகிறது. ஆவியானால் ஏறத்தாழ 1,700 மடங்கு இடம் பிடிக்கும். அந்த ஆவி எரியும் கொழுப்பைத் தூக்கிக்கொண்டு எழும்புகிறது. நீங்கள் பார்த்தது அதைத்தான்.

கைக்கு எட்டினால் காஸை நிறுத்த வேண்டும். மூடியையும் காற்றுத் துளைகளையும் மூடிவிட்டு விலகி நிற்க வேண்டும். காற்றில்லாமல் தீ தானாக அடங்கும். “அடங்கிவிட்டதா?” என்று ஒரு நிமிடத்துக்கொரு தரம் திறந்து பார்க்கக் கூடாது. சிறிய தீயானால் சமையல் சோடாவை அள்ளித் தூவலாம். தீ சிலிண்டர் பக்கம் போனால் எதையும் காப்பாற்ற முயலாமல் எல்லோரையும் அழைத்துக்கொண்டு விலகி, தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

ஏன் எழும்பியது என்று நீங்கள் கேட்கவில்லை, நான் கேட்கிறேன்: கொழுப்புத் தட்டைக் கடைசியாக எப்போது காலி செய்தீர்கள்? கிரில் தீவிபத்துகளின் முக்கியக் காரணங்களில் ஒன்றாக, அடுப்பைச் சுத்தம் செய்யாததையே அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் குறிப்பிடுகிறது. கம்பியைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குபவர்கள்கூடக் கீழே குனிந்து அந்தத் தட்டைப் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் கம்பி கறுப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும், தட்டு காலியாக இருக்கட்டும்.

கேள்வி: துருப்பிடிக்காத எஃகு என்று நம்பித்தான் வாங்கினோம். இரும்பு நார் போட்டுப் பளிச்சென்று தேய்த்தேன். ஒரே வாரத்தில் பழுப்புப் புள்ளிகள். ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை, உங்கள் நாரின் துகள்கள்தான் அங்கே துருப்பிடிக்கின்றன. அந்த எஃகில் கலந்திருக்கும் குரோமியம், மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தைக் கட்டிக்கொள்ளும். அதுதான் கவசம். இரும்பு நார் அந்தக் கவசத்தைக் கீறி, தன் துகளையும் அதில் விதைத்துவிட்டுப் போகிறது. இனி மென்துணி, சோப்பு. எஃகில் மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள், அந்தத் திசையிலேயே துடையுங்கள். உப்புக்காற்று வீசும் இடத்தில் நல்ல தண்ணீரால் வெளிப்புறத்தை அடிக்கடி துடைத்து உலர்த்த வேண்டும். குளோரின் உள்ள ப்ளீச் வேண்டவே வேண்டாம், ஊசிமுனை ஊசிமுனையாகக் குழி விழும். சூட்டினால் பொன்னிறமாகவோ நீலமாகவோ மாறியிருந்தால் அது அழுக்கல்ல, தேய்த்து உயிரை விடாதீர்கள்.

கேள்வி: உறை போடுவது நல்லதா, கெட்டதா? எத்தனை நாளுக்கு ஒருமுறை எதைச் சுத்தம் செய்வது என்று ஓர் அட்டவணை தர முடியுமா?

பதில்: அட்டவணை தந்தால் வெட்டிக் கதவில் ஒட்டுவீர்கள், ஒட்டியதோடு சரி. கம்பியைச் சமைத்த ஒவ்வொரு முறையும் சூட்டோடு சுரண்டுங்கள். தட்டைச் சமைக்கும் முன் ஒவ்வொரு முறையும் எட்டிப் பாருங்கள். பர்னரையும் உட்புறத்தையும் ஆண்டுக்கு இரண்டு முறை கழற்றிப் பாருங்கள்; நீண்ட நாள் நிறுத்தி வைத்திருந்தால் திரும்பப் பற்றவைக்கும் முன் கட்டாயம்.

உறை நல்லதுதான், அடுப்பு ஆறி உலர்ந்த பிறகு. சூட்டோடு போட்டால் உறை உருகும். ஈரத்தோடு போட்டால் உள்ளே வியர்த்து, திறந்தவெளியில் விட்டிருந்தால் பிடித்திருக்கும் துருவைவிட அதிகம் பிடிக்கும். பயன்படுத்தாத மாதங்களிலும் வெயிலடிக்கும் நாளில் உறையைக் கழற்றிக் காற்றாட விடுங்கள். சிலந்தியும் அப்போதே கண்ணில் படும்.

கேள்வி: கம்பித் தட்டு உடைந்துவிட்டது. வீட்டில் பழைய குளிர்சாதனப் பெட்டியின் உள் தட்டு அச்சு அசல் அதே அளவில் இருக்கிறது. கழுவி மாட்டிக்கொள்ளலாமா? ஓசியில் முடிந்துவிடும்.

பதில்: வேண்டாம். பழைய குளிர்சாதனப் பெட்டித் தட்டுகள் சிலவற்றில் காட்மியம் பூச்சு உண்டு. சூட்டில் அது புகையாகவும் சாப்பாட்டிலும் இறங்கும், நச்சு. துத்தநாகம் பூசிய வேலிக்கம்பி, சல்லடைத் தகடு எதுவும் ஆகாது. எது என்ன பூச்சு என்று பார்வைக்குத் தெரியாது. உடைந்த தட்டின் நீளம், அகலம், கம்பியின் கனம், கீழே அது உட்காரும் விளிம்பின் அளவு நான்கையும் குறித்துக்கொண்டு, வார்ப்பிரும்பிலோ பூச்சில்லாத துருப்பிடிக்காத எஃகிலோ சமையலுக்கென்றே செய்ததை வாங்குங்கள். உள் தட்டில் செருப்பு அடுக்கிக்கொள்ளுங்கள்.